ஆறு கோழியைக் கொன்றது கீரிதானா?

கேள்வி: "ஐயா, எங்களுக்கு முக்கூடல் பக்கத்துக் கிராமம். பின்வாசலில் பதிமூன்று நாட்டுக்கோழி வளர்த்தோம். வீட்டின் பின்சுவரை ஒட்டி, மேற்கே பார்த்து ஒரு கூடு போட்டிருந்தோம். இந்த ஆடிக் காற்றில் தகரம் ஒன்று தூக்கிக்கொண்டு போனது. திரும்ப எடுத்து வைத்து, மேலே நாலு செங்கல் வைத்தோம். ஆவணியில் ஒருநாள் விடிந்து பார்த்தால் ஆறு கோழி செத்துக் கிடந்தது. எல்லாவற்றுக்கும் கழுத்தில் கடி. வலை எங்கேயும் கிழியவில்லை; ஒரு செங்கல் மட்டும் கீழே கிடந்தது. கீரி வேலை என்று அத்தை சொல்கிறார். போதாததற்கு, நாற்றம் அடிக்கிறது என்று பக்கத்து வீட்டில் சண்டை. ஐப்பசி மழைக்கு முன்னால் நாங்களே ஒரு கூடு கட்டலாம் என்று இருக்கிறோம். என் கணவருக்குக் கொஞ்சம் வெல்டிங் தெரியும். பன்னிரண்டு கோழிக்கு எப்படிக் கட்ட வேண்டும்? கீரிக்குப் பொறி வைக்கலாமா?"

பதில்: முதலில் கீரியை விட்டுவிடுங்கள். கீரி பகலில் திரிகிற பிராணி. பொழுது அடைந்தால் அதுவும் வளைக்குள் அடைந்துவிடும். பட்டப்பகலில் குஞ்சைத் தூக்குவது, விடியற்காலையில் மேயப் போன கோழியை வேலியோரத்தில் மடக்குவது, இதெல்லாம் கீரி செய்யும். மூடிய கூட்டுக்கு மேலே ஏறி, தகரத்தை நெம்பி, ராத்திரியில் உள்ளே இறங்குவது அதன் பழக்கம் இல்லை. நீங்கள் எழுதியதில் எனக்குத் துப்பு கொடுத்தது அந்தச் செங்கல்தான். வலை அப்படியே இருக்கிறது, செங்கல் கீழே கிடக்கிறது என்றால் வந்தது மேலே இருந்து வந்திருக்கிறது. நன்றாக மரம் ஏறும், ராத்திரியில் மட்டும் வெளியே வரும், கழுத்தில் கடிக்கும். பெரும்பாலும் மரநாயாக இருக்கும். பனையேறுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: கலயத்தில் வாய் வைத்துவிட்டுப் போகிற அதே பிராணிதான். காட்டுப்பூனையாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அது உள்ளே வந்த வழி ஒன்றுதான்: தூக்கிய தகரம்.

இனிமேல் இப்படி ஏதாவது நடந்தால் செத்த கோழியைப் புதைப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் பாருங்கள். நாய் புகுந்தால் வலை கிழிந்திருக்கும், முற்றம் முழுக்க இறகு சிதறியிருக்கும், கோழிகள் அங்கொன்று இங்கொன்றாகக் கிடக்கும். பாம்பு முட்டையையும் குஞ்சையும் முழுதாக விழுங்கும். விழுங்க முடியாத குஞ்சைக் கக்கிவிட்டால் அதன் தலை ஈரமாக இருக்கும். குஞ்சு மட்டும் தடயமே இல்லாமல் காணாமல் போனால் மூலையில் பெருச்சாளி வளை இருக்கிறதா என்று தேடுங்கள். கோழி உயிரோடு இருந்து, காலோ இறக்கையோ மட்டும் பிய்ந்திருந்தால், வலைக்கு வெளியே நின்று ஏதோ இழுத்திருக்கிறது என்று அர்த்தம்.

பொறி வேண்டாம். கீரி, மரநாய் எல்லாம் 1972ஆம் வருடத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. விஷம் வைத்தால் அதைக் கொத்துவது முதலில் உங்கள் கோழியாகத்தான் இருக்கும். கூட்டைச் சரியாகக் கட்டினால் மரநாய் தானாக வேறு இடம் பார்த்துப் போய்விடும்.

காற்று, சாவு, நாற்றம் என்று நீங்கள் மூன்று பிரச்சினை எழுதியிருக்கிறீர்கள். என் கணக்கில் இது ஒரே பிரச்சினை. கூட்டின் முகம் மேற்கே இருந்தது. ஆனியிலும் ஆடியிலும் மலைக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று நேராக உள்ளே புகுந்து தகரத்தை அடியிலிருந்து தூக்கியது. பணகுடி, காவல்கிணறு பக்கம் காற்றாலைகளை வரிசையாக நிறுத்தியிருப்பது சும்மாவா? தூக்கிய இடைவெளியில் மரநாய் இறங்கியது. அதே இடைவெளியில் மழையும் இறங்கித் தரையை நனைத்தது. கோழி எச்சம் காய்ந்து கிடந்தால் அவ்வளவாக நாறாது. நனைந்தால்தான் அமோனியா கிளம்பி மூக்கைப் பிடுங்கும். அதனால் கூட்டின் திசையைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டது பாதி, பட்டுத் தெரிந்துகொண்டது பாதி. நான் கால்நடை மருத்துவராக வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் வீட்டிலேயே வேப்பமரத்து நிழலில், மேற்கே பார்த்து அழகாக ஒரு கூடு கட்டினேன். முதல் ஆடியில் தகரம் பக்கத்து வீட்டுத் துவைகல்லில் போய் விழுந்தது. அதைச் சரிசெய்த பிறகு, கூட்டின் மேல் சாய்ந்திருந்த கிளை வழியாகச் சாரைப்பாம்பு இறங்கி அடைமுட்டையைக் காலி செய்தது. ஊருக்கெல்லாம் ஆலோசனை சொல்கிற டாக்டர் வீட்டில் கோழி இல்லை என்று தெருவே சிரித்தது. நிழல் வேண்டும்தான். ஆனால் கிளை கூரையைத் தொடக் கூடாது. நாலடியாவது விலகி இருக்கட்டும்.

சரி, கட்டுவதற்கு வருவோம். ராத்திரி அடைவதற்கு ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடி போதும். பன்னிரண்டு கோழிக்கு 24 சதுர அடி. அதாவது கிழக்கு மேற்காக ஆறடி நீளம், வடக்கு தெற்காக நாலடி அகலம். வீட்டுச் சுவரை ஒட்ட வேண்டாம். சுவரை ஒட்டினால் ஒரு பக்கம் காற்றோட்டம் செத்துவிடும், இடுக்கில் எலி குடியேறும்.

மேற்குச் சுவரைத் தரையிலிருந்து கூரை வரை செங்கல்லோ ஹாலோபிளாக்கோ வைத்து இடைவெளி இல்லாமல் மூடிவிடுங்கள். ஆடிக் காற்றும் சாயங்கால வெயிலும் அந்தப் பக்கம்தான் வரும்; இரண்டுக்கும் ஒரே சுவர். கிழக்கையும் அப்படியே மூடலாம். வடக்கிலும் தெற்கிலும் ஓரடி உயரத்துக்குக் கட்டுச்சுவர், அதற்கு மேல் முழுக்க வலை. கூரை வடக்கே சாயட்டும்: தெற்கில் உயரம் ஆறடி, வடக்கில் நாலரை. ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். தாழ்ந்த இறவாரம் அதைத் தடுத்துவிடும். மார்கழி, தை மாதத்தில் சூரியன் தெற்கே போய்விடுவதால், உயர்ந்த தெற்குப் பக்கம் வழியாக வெயில் உள்ளே விழுந்து தரையைக் காய வைக்கும். எட்டடி நீளத் தகரம் வாங்கினால் வெட்டாமலே இரண்டு பக்கமும் தாராளமாக இறவாரம் கிடைக்கும். மேற்கில் மட்டும் தகரம் சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. காற்று பிடித்துத் தூக்குவதற்கு அதுவே கைப்பிடியாகிவிடும்.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. தகரம் போடும்போது கிழக்கு ஓரத்திலிருந்து ஆரம்பித்து மேற்கே வரச் சொல்லுங்கள். அப்படிப் போட்டால் மேற்குத் தகரத்தின் ஓரம் அடுத்ததன் மேல் ஏறி, மடிப்பின் வாய் கிழக்கே பார்க்கும். மேல்காற்று உள்ளே நுழைய வழி இருக்காது. கட்டுக்கம்பி, செங்கல் எல்லாம் கூடாது. ஜே போல்ட், அதாவது கொக்கி மாதிரி வளைந்த போல்ட், ரப்பர் வாஷரோடு போடுங்கள். நாலு மூலைக் கம்பமும் ஒன்றரை அடி ஆழக் குழியில் கான்கிரீட்டில் நிற்கட்டும். வெறும் தகரம் சித்திரை வெயிலில் தோசைக்கல் ஆகிவிடும். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். பங்குனி பிறந்ததும் தகரத்தின் மேல் தென்னை ஓலை பரப்பிப் பழைய மீன்வலையால் இழுத்துக் கட்டுங்கள்; ஆனி பிறக்கும்போது எடுத்துவிடுங்கள். வருடம் முழுக்க விட்டு வைத்தால் ஓலைக்குள் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும்.

வலை வாங்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். அறுகோணக் கண்ணி உள்ள மெல்லிய கோழிவலை, கோழியை உள்ளே வைக்கத்தான் உதவும். நாயை வெளியே வைக்க உதவாது. பல்லால் பிடித்து இழுத்தால் பிரிந்துவிடும். அரை அங்குலக் கண்ணி உள்ள வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைச் சேர்த்துப் பற்றவைத்த வலை, வாங்குங்கள். விலை கூடத்தான். ஆறு கோழி விலையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கண்ணியில் பெரிய பாம்பு நுழையாது, பூனைக் கையும் நுழையாது.

தரையைப் பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம் உண்டு. கால் வைத்து உயர்த்திய கூடு நல்லது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் பார்த்த வரை அந்தக் கூட்டுக்கு அடியில் யாரும் குனிந்து பெருக்குவதில்லை. ஒன்றரை அடிக்கு அஸ்திவாரம் எழுப்பி, உள்ளே கல்லும் மண்ணும் போட்டு நிரப்பி, மேலே சிமெண்ட் பூசுங்கள். பெருச்சாளி தோண்டாது. நீங்கள் ஆற்றுக்குப் பக்கமாக இருந்தால் இன்னும் ஓரடி கூட்டலாம். 2023 டிசம்பரில் தாமிரபரணி எதுவரை ஏறியது என்று உங்கள் தெருவில் எல்லோருக்கும் நினைவிருக்கும். சிமெண்ட் மேல் மூன்று, நான்கு அங்குலத்துக்கு உமி. வாரம் இரண்டு தடவை கிளறிவிடுங்கள், ஈரமான இடத்தை அள்ளிவிட்டுப் புது உமியும் கொஞ்சம் சுண்ணாம்பும் போடுங்கள். தண்ணீர்ப் பாத்திரம் கூட்டுக்கு வெளியே இருக்கட்டும். முக்கால்வாசி ஈரம் அதிலிருந்துதான். அள்ளிய உமியை மூன்று மாதம் மக்கவைத்தால் முருங்கைக்கும் வாழைக்கும் நல்ல உரம். பக்கத்து வீட்டுக்கு ஒரு சாக்கும் பத்து முட்டையும் கொடுத்துப் பாருங்கள்.

உள்ளே, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், ஒன்றரை இரண்டு அங்குலப் பருமனில் இரண்டு கழி. இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். ஏற்றி இறக்கி வைத்தால் மேல் கழிக்கு ராத்திரிதோறும் சண்டை நடக்கும். வலையை ஒட்டாமல் ஓரடி தள்ளி வையுங்கள். கழியைக் கழற்றி எடுக்க முடிய வேண்டும், ஏனென்றால் கோழிப்பேன் அதன் இடுக்கில்தான் பகலில் ஒளிந்திருக்கும். மாதம் ஒருமுறை வெயிலில் போட்டு வேப்பெண்ணெய் தடவலாம். முட்டையிட, கிழக்குச் சுவரோரம் இருட்டான மூலையில் ஓரடிச் சதுரத்தில் மூன்று பெட்டி போதும். உங்கள் பக்கம் பீடி சுற்றுகிற வீடுகளில் பேனுக்காக அடைப்பெட்டியில் புகையிலைத் தூள் போடுவார்கள். வேண்டாம், நிக்கோட்டின் கோழிக்கு விஷம். ஒரு பழைய டயரில் சாம்பலும் மணலும் கலந்து முற்றத்தில் வைத்துவிடுங்கள், கோழி தானே அதில் புரண்டு பேனை உதிர்த்துக்கொள்ளும்.

பகலில் மேயட்டும். சாயங்காலம் கம்போ குருணையோ ஆளுக்கு ஒரு பிடி, கூட்டுக்குள் வைத்துப் போடுங்கள். ஒரே வாரத்தில் பொழுது சாயும் முன் வரிசையாக வந்து நிற்கும். எண்ணிக் கதவைப் பூட்டுகிற வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஒரு தாழ்ப்பாள், ஒரு கொக்கி, இரண்டும் வேண்டும். குஞ்சு இருந்தால் கரையான் பிடிப்பது எப்படி என்று பிள்ளைகளின் ஆச்சியிடமே கேளுங்கள்: பழைய பானையில் காய்ந்த சாணமும் ஓலைத் துண்டும் போட்டு, தண்ணீர் தெளித்து, புற்றுப் பக்கம் கவிழ்த்து வைத்தால் விடியும்போது நிறைந்திருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். மரநாய் ஆறு கோழியைத்தான் கொன்றது. வெள்ளைக்கழிச்சல் வந்தால் மொத்தக் கூடும் காலி. கோடையில் கூடுதலாக வரும், வந்த பிறகு மருந்து இல்லை. முன்கூட்டியே தடுப்பு மருந்து கொடுப்பதுதான் வழி: குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நாலாவது வாரம் லசோட்டா என்கிற தடுப்பு மருந்து, எட்டு வாரத்துக்கு மேல் இறக்கைக்கடியில் ஊசி. கால்நடைத் துறை ஒவ்வொரு வருடமும் பிப்ரவரியில் இதற்கென்றே இலவச முகாம் நடத்துகிறது. தெருவில் அறிவித்தால் ஒரு கோழியும் விடாமல் கொண்டு போங்கள். கொத்தாகச் சாவு விழுந்தால் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கு உடனே சொல்லுங்கள். திருநெல்வேலி இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

இருக்கிற ஏழோடு ஐந்து கோழி புதிதாக வாங்குவீர்கள். மேலப்பாளையம் சந்தையில் வாங்கினாலும் சரி, சொந்தக்காரர் கொடுத்தாலும் சரி, நேராகப் புதுக் கூட்டில் விடாதீர்கள். இரண்டு மூன்று வாரம் முற்றத்தின் இன்னொரு கோடியில் பஞ்சாரத்தில், அதாவது கோழியைக் கவிழ்த்து மூடுகிற கூடையில், தனியாக வையுங்கள். தண்ணீர்ச் சட்டியும் தனி. ராத்திரி மட்டும் பஞ்சாரத்தோடு வீட்டுக்குள் எடுத்து வைத்துவிடுங்கள், மரநாய் இன்னும் பக்கத்தில்தான் இருக்கும். சேவல் ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

உமியை மட்டும் இந்த வாரமே வாங்கிவிடுங்கள். கார் நெல் அரைக்கிற சமயம், ரைஸ் மில்லில் காய்ந்த உமி கிடைக்கும். மழை பிடித்துவிட்டால் நனைந்ததைத்தான் சாக்கில் கட்டிக் கொடுப்பார்கள்.