மினிமம் டியூவில் ஓடும் 11 வாட்ச்

கேள்வி: கிருஷ்ணகிரியில் இருக்கிறேன், ஓசூரில் ஷிஃப்ட் வேலை, சம்பளம் கைக்கு 38,000 வருகிறது. தாத்தாவின் ஹெச்.எம்.டி. ஜனதா வாட்ச்சை சர்வீஸ் செய்து கையில் கட்டப்போய், அந்த ஆசையில் இரண்டே வருடத்தில் கிரெடிட் கார்டில் தேய்த்து இன்னும் 10 பழைய வாட்ச் வாங்கிவிட்டேன். கார்டு பாக்கி 86,000. மினிமம் டியூ, அதாவது குறைந்தபட்சம் கட்டியாக வேண்டிய தொகையை, மாதாமாதம் தவறாமல் கட்டுகிறேன். மாதாமாதம் போடும் ஆர்.டி. சேமிப்பில் 92,000 இருக்கிறது. பழைய வாட்ச் விலை ஏறும் என்கிறார்கள், வைத்துக்கொள்ளலாமா?

பதில்: தவறாமல் கட்டுகிறேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் பணம் ஒழுகுகிறது. கார்டு வட்டியை மாதம் மூன்றரை சதவீதம் என்று வைத்தால் 86,000க்கு ஏறக்குறைய 3,000, அந்த வட்டிக்கு ஜி.எஸ்.டி. 540. நீங்கள் கட்டும் மினிமம் 5 சதவீதம் என்றால் 4,300. ஆக, அசலில் குறைவது சுமார் 750 ரூபாய்தான், அதுவும் அந்த மாதம் புது வாட்ச் எதுவும் வாங்காமல் இருந்தால். பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாத நாட்களும் கிடையாது, தேய்த்த அன்றே மீட்டர் ஓட ஆரம்பித்துவிடும்.

இந்தப் பக்கம் ஆர்.டி. உங்களுக்கு மாதம் 500 ரூபாய் சம்பாதித்துத் தருகிறது. 500 வாங்கிக்கொண்டு 3,500 கொடுக்கிறீர்கள்! நாளைக்கே ஆர்.டி.யை உடைத்துக் கார்டு பாக்கியைக் கட்டிவிடுங்கள். முன்கூட்டி முடிப்பதற்குக் கொஞ்சம் வட்டியைப் பிடிப்பார்கள், பிடிக்கட்டும். பாக்கியை ஈ.எம்.ஐ.யாக மாற்றித் தருகிறோம் என்று கார்டுக்காரர்கள் போன் செய்வார்கள், கையில் பணம் இருக்கும்போது அது எதற்கு?

அப்புறம் இந்த விலை ஏறும் கதை. அரசு நிறுவனமான ஹெச்.எம்.டி. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனக் கூட்டோடு பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்தது, 2016இல் அந்தப் பிரிவையே மூட அரசு முடிவெடுத்துவிட்டது. இன்று ஒரு பாகம் வேண்டுமென்றால் பெரும்பாலும் இன்னொரு பழைய வாட்ச்சைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். சாவி கொடுக்கும் வாட்ச்சில் எண்ணெய் நாலைந்து வருடத்தில் காய்ந்துவிடும், அப்படியே ஓட்டினால் சக்கரங்களின் முனை தேயும். ஒரு சர்வீஸ் 1,500 என்றாலும் 11 வாட்ச்சுக்கு 16,500, வருடத்துக்குக் கிட்டத்தட்ட 3,500 தீனி. இதற்கு முதலீடு என்று பெயர் வைக்காதீர்கள், பொழுதுபோக்கு என்று வையுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

வாங்கியதில் டயல் பளபளவென்று நீலமும் பச்சையுமாக இருப்பவற்றை லென்ஸ் வைத்துப் பாருங்கள். 40 வருடத்து முட்கள் மங்கிப்போய் டயல் மட்டும் நேற்று அச்சடித்த கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தால் அது மறுபடி பெயின்ட் அடித்தது. அவற்றை முதலில் விற்றுவிடுங்கள், போட்ட காசு முழுதாக வராது, பரவாயில்லை. மாற்றி மாற்றிக் கட்ட மூன்று போதும். கார்டு பூஜ்யம் ஆனதும் இதே 4,300ஐ ஆர்.டி.யில் மறுபடி போடுங்கள்.

தாத்தாவின் ஜனதாவைத் தொட வேண்டாம். காலையில் ஒரு தடவை சாவி கொடுங்கள், இறுகியதும் நிறுத்திவிடுங்கள், மழையில் வண்டியில் போகும்போது கழற்றிப் பையில் போடுங்கள். சர்வீஸ் கடையில் டயலைப் புதுசாக்கித் தரட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.