கடல் பார்த்த மேசை: கேள்வி – பதில்

மத்தியதரைக் கடல் நாட்டுச் சமையல் பரிமாறும் கடலோர உணவகங்களைப் பற்றி மும்பை வாசகர்கள் இம்முறை நிறையவே கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கிப் பதில் தந்திருக்கிறோம்.

கே: அப்பாவின் எழுபதாவது பிறந்தநாள். சூரியன் மறைவது தெரிகிற மேசை வேண்டும். எத்தனை மணிக்குச் சொல்லி வைப்பது? – வாசகி, முலுண்ட்

உணவகம் எந்தத் திசை பார்த்திருக்கிறது என்பதுதான் முதல் விஷயம். கேட்வே, அப்போலோ பந்தர் பக்கம் கிழக்கு பார்த்த துறைமுகம். அங்கே சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால்தான் இறங்கும். பௌர்ணமியன்று மட்டும் அந்தப் பக்கமே உசத்தி, சூரியன் மறைகிற வேளையில் நிலா தண்ணீருக்கு மேல் எழும். மேற்கு வேண்டுமானால் மரைன் டிரைவ், வொர்லி, பாந்த்ரா, ஜூஹு. டிசம்பர் தொடக்கத்தில் மும்பையில் சூரியன் மறைவது மாலை 6 மணி வாக்கில், ஜூன் கடைசியில் 7.20 வாக்கில். முக்கால் மணி முன்பே உட்கார்ந்துவிடுங்கள். சமையலறை மாலையில் எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதையும் கேளுங்கள். அஸ்தமனம் பார்க்கப் போய் வெறும் ஜூஸோடு காத்திருந்தவர்கள் உண்டு.

பெரியவரை விளிம்பு மேசையில் உட்கார வைக்காதீர்கள். கடற்காற்றில் சூடான தட்டு ஐந்து நிமிடத்தில் ஆறிப்போகும். இரண்டாம் வரிசை போதும், காட்சி குறையாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை என்றால், மழை வந்தால் உள்ளே இடம் உண்டா என்பதை முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.

கே: மாமியார் சுத்த சைவம், முட்டையும் ஆகாது. மெனுவில் பச்சைப் புள்ளி இருந்தால் நம்பிச் சாப்பிடலாமா? – வாசகி, மாதுங்கா

பாதி நம்பலாம். மீதிக்கு வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

சிக்கல் பெரும்பாலும் சீஸில். பாலைத் திரிக்க ரென்னெட் சேர்க்கிறார்கள். பழைய முறையில் அது கன்றின் வயிற்றிலிருந்து எடுப்பது. இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ அந்த ரென்னெட் இல்லாமல் செய்யப்படுவதே இல்லை. நுண்ணுயிர் ரென்னெட்டில் செய்த சீஸும் கிடைக்கிறது. ஆகவே, ‘சீஸ் சைவமா?’ என்று கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். ‘எந்த ரென்னெட்? பாக்கெட்டைப் பார்க்கலாமா?’ என்று கேளுங்கள். பாஸ்தாவில் கலக்கும் பச்சை விழுதான பெஸ்டோவுக்குள்ளும் இதே சீஸ் ஒளிந்திருக்கும்.

அடுத்து, கண்ணுக்குத் தெரியாதவை. சீசர் சாலட்டின் குழம்பில் நெத்திலி வகை மீன். ரிசோட்டோ என்ற இத்தாலியச் சோற்றிலும் சூப்பிலும் கோழி வேகவைத்த தண்ணீர். பன்னகோட்டா என்ற கிரீம் இனிப்பில் ஜெலட்டின், அது விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. புதிதாகப் பிசைந்து செய்த பாஸ்தாவில் பெரும்பாலும் முட்டை இருக்கும், உலர்ந்த ரவை பாஸ்தாவில் பொதுவாக இருக்காது. பூண்டுச் சட்னி மாதிரி இரண்டு வரும்: அயோலி என்று உணவகங்களில் தருவது பெரும்பாலும் முட்டை கலந்தது, லெபனான் நாட்டுத் தூம் வெறும் பூண்டு, எண்ணெய், எலுமிச்சை. ஃபலாஃபல் (கொண்டைக்கடலை வடை) சைவம்தான், ஆனால் கணவாய் பொரித்த அதே எண்ணெயில் போட்டிருந்தால்? ‘தனிக் கடாயா?’ என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

தயக்கமில்லாமல் சாப்பிடக்கூடியவை: கொண்டைக்கடலையும் எள் விழுதும் அரைத்த ஹம்மஸ், வால்நட்டும் சிவப்பு மிளகாயும் அரைத்த முஹம்மரா, பார்ஸ்லிக் கீரையில் செய்த தபூலே சாலட், பாபா கனூஷ். இந்தக் கடைசி அயிட்டம் சுட்ட கத்தரிக்காய்த் துவையலின் ஒன்றுவிட்ட தம்பி. எள் விழுது சேர்ந்திருக்கும். மாமியாருக்குப் பிடித்துவிடும். பூண்டு, வெங்காயமும் கூடாதென்றால் ‘ஜெயின்’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம், மும்பையில் எல்லாச் சமையலறைக்கும் புரியும். ஹம்மஸில் பூண்டு சேர்ப்பது வழக்கம் என்பதால், முன்பே அரைத்து வைத்ததைத் தராமல் புதிதாக அரைக்கச் சொல்லுங்கள்.

கே: ஆறு பேர் போனால் எவ்வளவு சொல்வது? – வாசகர், செம்பூர்

நான்கு மெஸ்ஸே (சிறு தட்டுகள்), ஒரு சாலட், இரண்டு பெரிய அயிட்டம். அதற்கு மேல் முதல் சுற்றில் வேண்டாம். பீட்டா ரொட்டி கூடுதலாகக் கேட்டால் பல இடங்களில் தனிக் காசு. ஹம்மஸ் ஃபிரிட்ஜிலிருந்து நேராக வந்து கெட்டியாக நின்றால், பத்து நிமிடம் வெளியே விடுங்கள். கசந்தால் எள் அதிகம் வறுபட்டிருக்கும், அல்லது விழுது பழசு.

கே: ‘சீ பாஸ், 100 கிராமுக்கு இவ்வளவு’ என்று போட்டிருந்தது. ஒரு மீன் வாங்கினோம், பில் மூவாயிரத்தைத் தாண்டியது. ஏமாற்றா? – வாசகர், தாராவி

ஏமாற்று என்று சொல்ல முடியாது, கணக்கு அப்படி. விலை சமைப்பதற்கு முந்தைய எடைக்கு, தலையும் முள்ளும் சேர்த்து. 100 கிராம் 450 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 700 கிராம் மீன் 3,150 ரூபாய்; 5 சதவீத வரியோடு 3,307. தட்டில் தின்னக் கிடைப்பது ஏறக்குறைய பாதி, அதாவது இரண்டு பேருக்கு. மீனைக் காட்டச் சொல்லி, எடை போட்டு, ரூபாயை வாயால் சொல்லவைத்த பிறகே அடுப்புக்கு அனுப்புங்கள்.

இன்னொன்று. இங்கே ‘சீ பாஸ்’ என்று வருவது பல நேரம் நம்ம ஊர் கொடுவா. மத்தியதரைக் கடலின் பிரான்ஸினோ வேறு மீன். கொடுவா மட்டமில்லை, எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும் போட்டுச் சுட்டால் பிரமாதமாக இருக்கும். ஆனால் இறக்குமதி விலை தர வேண்டாம். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு மீன்பிடித் தடை. அந்த இரண்டு மாதம் ‘இன்று காலை பிடித்தது’ என்று யாராவது சொன்னால், எங்கே பிடித்தது என்று கேளுங்கள்.

கணவாய் ரப்பராக வந்தால் திருப்பி அனுப்பலாம். அது இரண்டு மூன்று நிமிடத்தில் இறங்க வேண்டும், இல்லையேல் முக்கால் மணி வேக வேண்டும். நடுவில் மாட்டிக்கொண்டால் தோல் செருப்புதான்.

கே: பயேயாவுக்கு (ஸ்பெயின் நாட்டுச் சோறு) நாற்பது நிமிடம் என்கிறார்களே? – வாசகி, சயான்

நல்ல சேதி. அரிசி, மூடி போடாமல், கிளறாமல், அகலச் சட்டியில் 18 முதல் 20 நிமிடம் வேக வேண்டும், பிறகு ஐந்து நிமிடம் ஓய்வு. பத்து நிமிடத்தில் வந்தால் முன்பே வெந்த சோறு. அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டித் தரச் சொல்லுங்கள். ஸ்பெயின்காரர்கள் அதற்குத்தான் அடித்துக்கொள்வார்கள். பளீர் மஞ்சளாக இருந்தால் குங்குமப்பூ மட்டும் காரணமல்ல, நிறப்பொடியும் இருக்கும்.

கே: சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம் சேர்த்திருந்தார்கள். கட்டியே ஆக வேண்டுமா? – வாசகர், வாஷி

வேண்டாம். தானாகப் பில்லில் சேர்க்கக்கூடாது என்று 2022 ஜூலை 4-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச் 28-ல் டெல்லி உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நீக்கச் சொல்லுங்கள், மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். வரி வேறு: தனி உணவகத்தில் ஜிஎஸ்டி 5 சதவீதம், உயர் வாடகை நட்சத்திர ஓட்டலுக்குள் 18. மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, மாநில வாட் தனி. பரிமாறியவர் நன்றாகக் கவனித்திருந்தால் அவர் கையில் நேராகக் கொடுங்கள்.

கே: மிச்சத்தைக் கட்டி எடுத்து வரலாமா? – வாசகி, காட்கோபர்

ஹம்மஸ், பாபா கனூஷ் மறுநாளும் நன்றாக இருக்கும். மேசைக்கு வந்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். ரொட்டித் துண்டு போட்ட ஃபத்தூஷ் சாலட் ஊறிச் சொதசொதத்துவிடும், அங்கேயே முடித்துவிடுங்கள். ஃபலாஃபலை மைக்ரோவேவில் வைக்காமல் தோசைக்கல்லில் புரட்டினால் மொறுமொறுப்பு திரும்பும்.