மவுஸ் திக்குகிறதா? முதலில் ரிசீவரை இடம் மாற்றுங்கள்

வெளி ஹார்டு டிஸ்க்கைச் செருகினால் வயர்லெஸ் மவுஸ் திக்கித் திக்கி நகர்கிறது, கீபோர்டு நடுவில் எழுத்துகளை விழுங்குகிறது, லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தை மறுபடி நிறுவியும் தீரவில்லை என்கிறீர்கள். பாவம், மின்ட்டின் மேல் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை.

யுஎஸ்பி 3.0 சாதனமும் அதன் கேபிளும் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இரைச்சலைக் கிளப்பும். மவுஸ், கீபோர்டின் சிக்னலை வாங்க நீங்கள் கணினியில் செருகும் குட்டி ரிசீவர் கேட்பதும் அதே அலைவரிசையில்தான். இன்டெல் 2012-லேயே இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறது. டிஸ்க்கைக் கழற்றியதும் சரியாகிவிட்டால் சந்தேகமே வேண்டாம். யுஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒன்று வாங்கி, ரிசீவரை மவுஸ் பக்கத்திலேயே வையுங்கள். என் மேசையில் ஒரு மீட்டர் கேபிளோடு தொல்லை ஒழிந்தது.

அப்புறம், சற்று நேரம் சும்மா விட்டபின் முதல் எழுத்து மட்டும் விழாமல் போனால் அது வேறு கதை: ரிசீவர் தூங்கிவிடுகிறது. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் லினக்ஸ் கருவியான பவர்டாப்பில், எல்லாவற்றையும் தானாக மின்சேமிப்புக்கு மாற்றும் ஆட்டோ டியூனை ஓட்டினீர்களா? அப்படியென்றால் டெர்மினலில் சூடோ போட்டு (அதாவது அட்மின் உரிமையோடு) பவர்டாப்பைத் திறந்து, டியூனபிள்ஸ் பக்கத்தில் ரிசீவர் உள்ள வரியில் என்டர் தட்டி 'குட்'டை 'பேட்' ஆக்குங்கள். 'பேட்' என்றால் மின்சேமிப்பு இல்லை, ரிசீவர் தூங்காது; இங்கே அதுதான் நமக்கு நல்லது! ரீபூட் செய்ததும் மறுபடி தூங்கினால், ஆட்டோ டியூன் தானாக ஓடுவதை நிறுத்த வேண்டும்.