கண்ணாடி விரிசலை முதலில் பேசுவோம்

திண்டுக்கல் பக்கமிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். சுருக்கம் இது. 67 வயது அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன். முதுகுப் பக்கம் திறந்த கவுனோடு ஸ்ட்ரெச்சரில் வராந்தாவில் முக்கால் மணி நேரம் போட்டு வைத்திருந்தார்கள், போர்த்த ஒரு பெட்ஷீட் கேட்டதற்கு நர்ஸ் முறைத்தார். திரையை இழுக்காமலே ஆண் ஊழியர் ஒருவர் யூரின் டியூப் மாற்றினார். முதுகில் புண் வந்திருப்பதைக் காட்டியபோது டியூட்டி டாக்டர், "நீ டாக்டரா, நான் டாக்டரா?" என்றார். புண் இப்போது ஆறி வருகிறது. 25 லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா, அந்த டாக்டரை உள்ளே தள்ள முடியுமா என்று கேட்கிறார்.

மூன்றாவது பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி: "அன்னைக்கு கோபத்துல கவுண்டர்ல ஓங்கித் தட்டிட்டேன், கண்ணாடி லேசா விரிசல் விட்டுருச்சு, அதுக்கு ஆஸ்பத்திரிக்காரங்க ஸ்டேஷன்ல ஏதோ புகார் குடுத்து சி.எஸ்.ஆர். போட்டிருக்காங்க." (சி.எஸ்.ஆர். என்பது புகார் வந்ததற்கு ஸ்டேஷனில் பதிந்து தரும் ரசீது, எஃப்.ஐ.ஆருக்கு முந்தைய கட்டம்.) கடைசிப் பக்கத்தில், லீவு முடிந்து அடுத்த மாதம் துபாய் திரும்ப வேண்டும் என்பதும் இருக்கிறது.

தம்பி, நான்கு பக்கத்தில் எனக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான்.

அம்மாவுக்கு நடந்தது அசிங்கம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. மனித உரிமை ஆணையத்தின் நோயாளிகள் உரிமை சாசனத்திலேயே கண்ணியமும் அந்தரங்கமும் உரிமையாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் முறைத்ததற்கும் ஒருமையில் பேசியதற்கும் யாரையும் உள்ளே தள்ள முடியாது, அதற்கென்று 25 லட்சமும் வராது. நுகர்வோர் ஆணையத்தில் நிற்கக்கூடியது அந்தப் படுக்கைப்புண் ஒன்றுதான். மற்றதெல்லாம் மன உளைச்சல் கணக்கில் கொஞ்சம் சேரும், அவ்வளவே.

இப்போது கண்ணாடிக்கு வருவோம். மருத்துவப் பணியாளர்கள் மீதும் மருத்துவமனைகள் மீதும் நடக்கும் வன்முறையையும் சொத்து சேதத்தையும் தடுக்கவென்றே தமிழ்நாட்டில் 2008-ல் தனிச் சட்டம் வந்தது. தண்டனை குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 10 வருடம், ஜாமீனில் வரமுடியாத குற்றம். வன்முறை என்றால் அடிதடி மட்டும்தான் என்று நினைக்காதீர்கள், மிரட்டுவதும் வேலையைத் தடுப்பதும்கூட அதற்குள் வந்துவிடும். 'நம்மகிட்ட வீடியோ இருக்கு' என்று தைரியமாக எழுதியிருக்கிறீர்களே, அதில் உங்கள் குரலில் என்ன கேட்கிறது என்பதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: "வெளிய வா, பாத்துக்கறேன்." அது உங்கள் சாட்சியம் இல்லை, அவர்களுடைய சாட்சியம். அதைச் சொந்தக்காரர்கள் வாட்ஸாப் குரூப்பில் வேறு போட்டிருக்கிறீர்கள்.

சி.எஸ்.ஆர். நிலையில் இருக்கும்வரை இது பேசித் தீர்க்கக்கூடிய விஷயம். எஃப்.ஐ.ஆர். ஆகிவிட்டால், மருத்துவமனையே மனமிரங்கி வாபஸ் வாங்குகிறோம் என்றாலும் கீழ்க்கோர்ட்டில் ராஜி போட்டு முடிக்கிற வகைக் குற்றம் இல்லை அது. முதலில் முன்ஜாமீன், அப்புறம் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு ஒரு மனு. (குற்றவியல் நடைமுறைக்கான புதுச் சட்டத்தில் முன்ஜாமீன் பிரிவு 482, ரத்து மனு 528. பழைய சட்டத்தில் 482 என்றாலே ரத்து மனுதான் என்பதால் வக்கீல்களான எங்களுக்கே இன்னும் நாக்கு குழறுகிறது.) நடுவில் உங்கள் விசா, டிக்கெட் எல்லாம் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வழக்கு கோர்ட்டில் நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் புதுப்பிக்கவும் சிக்கல்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், என் கட்சிக்காரர்கள் விழுகிற பள்ளம் ஒரே மாதிரி இருப்பதுதான். அப்பாவைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று வருவார்கள், கையில் ஃபைலோடு, கண்ணில் நீரோடு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அப்பா விஷயத்தை யாருமே பேசமாட்டார்கள், இவர்கள் மாதாமாதம் வாய்தாவுக்கு வந்து கோர்ட் மரத்தடியில் நின்றுகொண்டிருப்பார்கள். இன்னொன்று, சமாதானம் என்று ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு எஸ்.ஐ. ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து "மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டுப் போங்க சார்" என்பார். பதற்றத்தில் 'டாக்டரை மிரட்டியதற்கும் கண்ணாடியை உடைத்ததற்கும் மன்னிக்கவும்' என்று எழுதி மருத்துவமனை கையில் கொடுத்துவிட்டு வருவார்கள். அப்புறம் எஃப்.ஐ.ஆர். வந்தால் முதல் சாட்சியமே அந்தத் தாள்தான். எழுதுவதாக இருந்தால், ஏற்பட்ட சேதத்துக்குப் பணம் கொடுத்துவிட்டேன், இரு தரப்புக்கும் இனி இதில் புகார் இல்லை என்ற அளவோடு நிறுத்துங்கள், அவர்கள் புகாரை முடித்துக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்ட தாளை வாங்காமல் வெளியே வராதீர்கள். வக்கீல் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

மருத்துவமனை வக்கீலும் சும்மா இருக்கமாட்டார். 'சிகிச்சை தொடர்பாகவும் எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று ஒரு வரியை நடுவில் செருகுவார். முடிந்தவரை அதை வெட்டச் சொல்லுங்கள். வெட்டவே முடியாது என்று பிடிவாதம் பிடித்தால்? என்னைக் கேட்டால் கையெழுத்துப் போடுங்கள். உங்களுக்குக் கோபம் வரும், தெரியும். ஆறிவருகிற புண்ணுக்குப் பல வருடம் கழித்து வரக்கூடிய ஒன்றிரண்டு லட்சத்துக்காக, ஜாமீனில் வரமுடியாத வழக்கைத் தலையில் கட்டிக்கொண்டு வேலையைத் தொலைக்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன். கண்ணாடிக்கு அநியாயமாக ஒரு பில் நீட்டுவார்கள், பேரம் பேசாமல் கட்டுங்கள். முன்ஜாமீன் ஃபீஸ் அதைவிட அதிகம், என்னுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அந்த வரியை வெட்டிவிட்டார்கள் என்றால் நுகர்வோர் வழக்குக்கு இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது, அவசரமில்லை. ஆனால் கேஸ் ஷீட்டை இப்போதே எழுத்துமூலம் கேளுங்கள், 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது விதி. அதில் நர்ஸிங் நோட்ஸ் இருக்கிறதா, படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்ததாகக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாக் கட்டத்திலும் ஒரே பேனாவில் ஒரே கையெழுத்து என்றால், பின்னால் உட்கார்ந்து மொத்தமாக நிரப்பியதாக இருக்கலாம், எனக்கு எழுதுங்கள்.

வீடியோவைக் குரூப்பிலிருந்து எடுத்துவிடுங்கள், பக்கத்துப் படுக்கைப் பெண்மணியும் அதில் தெரிகிறார் என்கிறீர்கள், அவர் வீட்டாரும் ஒரு புகார் கொடுத்தால் தாங்காது. போனில் இருக்கும் ஒரிஜினலை மட்டும் அழிக்காதீர்கள், புண்ணின் போட்டோக்களும் தேதியோடு அதில்தானே இருக்கின்றன. ஊருக்குப் போகும்முன் புதுப் போன் வாங்குவதாக இருந்தால் பழையதை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாமல் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.