மின்னிக்கொண்டே போன புள்ளி

வணக்கம் ஐயா,

நேற்று இரவு ஏழரை மணி சுமாருக்கு மொட்டை மாடியில் நின்றிருந்தேன். தெற்கிலிருந்து வடக்காக ஒரு புள்ளி போனது. நாலைந்து விநாடிக்கு ஒருமுறை பளிச்சென்று மின்னியது, நடுவில் காணாமலே போனது. விமானம் இல்லை, சத்தமோ சிவப்பு விளக்கோ இல்லை. இரிடியம் செயற்கைக்கோள் என்கிறார் நண்பர். அதுதானா? இதையெல்லாம் கவனித்து என்ன பயன்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அநேகமாக இரிடியம் இல்லை. இரிடியம் என்ற தொலைபேசிச் சேவையின் பழைய செயற்கைக்கோள்களில் கதவளவு ஆன்டெனாத் தகடுகள் இருந்தன. அவற்றில் வெயில் பட்டுத் தெறித்தால் வெள்ளிக் கிரகத்தைவிட இருபது மடங்குக்கு மேல் பிரகாசிக்கும். ஆனால் சில விநாடிகள், ஒரே ஒருமுறை. 2017க்குப் பிறகு அவற்றில் பெரும்பாலானவற்றைக் கீழே இறக்கி எரித்துவிட்டார்கள்.

நீங்கள் பார்த்தது அநேகமாக ஒரு ராக்கெட்டின் மேல்கட்டம், அதாவது கடைசியாக எரியும் பகுதி. கோளைப் பாதையில் விட்டதோடு அதன் வேலை முடிந்தது. பிறகு அதை நேராகப் பிடித்து வைக்க யாருமில்லை. குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே சுற்றும். பக்கவாட்டு நம் பக்கம் திரும்பும்போது மின்னும், முனை திரும்பினால் மங்கும். உருளை ஒரு சுற்றில் இரண்டு முறை பக்கவாட்டைக் காட்டும் என்பதால், இரண்டு மின்னல்கள் சேர்ந்துதான் பெரும்பாலும் ஒரு முழுச் சுழற்சி.

1957-ல் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கைக் கண்ணால் கண்டோம் என்றவர்களில் பெரும்பாலோர் பார்த்ததும் அதன் ராக்கெட்டைத்தான். கோள் வெறும் 58 சென்டிமீட்டர் உருண்டை, ராக்கெட்டோ 25 மீட்டருக்கு மேல் நீளம்.

பயனுக்கு வருகிறேன். இரண்டு மின்னல்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியை அளந்தால், எட்டாத உயரத்தில் கிடக்கும் ஒரு செத்த பொருள் எப்படிச் சுழல்கிறது என்பது தெரிந்துவிடும். பெல்ஜியத்து அமெச்சூர்கள் இப்படிப்பட்ட அளவுகளைப் பல வருடங்கள் சேர்த்து வைத்தார்கள். பூமியின் காந்தப்புலத்தில் உலோகக் கூடு சுழலும்போது அதில் மின்னோட்டம் தூண்டப்பட்டு, சுழற்சி மெல்ல மெல்லக் குறையும். எல்லாம் அப்படியல்ல. கடல்மட்டத்தை அளந்துவந்து 2006-ல் ஓய்ந்த டோபெக்ஸ் பொசைடன் கோள், வெயிலின் அழுத்தத்தாலேயே வேகம் கூடி, சுமார் 10 விநாடிக்கு ஒரு சுற்று என்று ஆகிவிட்டது. எனக்கு இது இன்றும் ஆச்சரியம்தான்.

கருவி என்று பார்த்தால் போனில் உள்ள ஸ்டாப்வாட்ச் போதும். மங்கலானவற்றுக்கு ஒரு பைனாகுலர். ஒவ்வொரு மின்னலையும் தனித்தனியாக அளக்காதீர்கள், கட்டைவிரல் தாமதமே கணக்கைக் கெடுத்துவிடும். முதல் மின்னலில் அழுத்தி 'பூஜ்ஜியம்' என்று எண்ணுங்கள் (ஒன்று என்று தொடங்கிக் கோட்டைவிடுகிறவர்கள்தான் அதிகம்). பத்தில் நிறுத்தி, பத்தால் வகுங்கள். பிழையும் பத்தில் ஒரு பங்காகிவிடும்.

அப்புறம், உங்களுடையது எந்த ராக்கெட் என்று 'ஏழரை மணி சுமார்' என்பதை வைத்துச் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் வடக்கு தெற்காகப் போகிறவை ஏராளம். அடுத்த முறை எந்த நட்சத்திரத்தின் அருகே, எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு என்று குறித்துக்கொண்டு ஹெவன்ஸ் அபவ் (Heavens-Above) இணையதளத்தில் உங்கள் ஊரைக் கொடுத்துத் தேடுங்கள். பெயரின் கடைசியில் ஆர்/பி (R/B, அதாவது ராக்கெட் பாடி) என்று இருந்தால் ராக்கெட். கிடைக்கவில்லை என்றால் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்தே தேடுவோம்.