‘ரன்’ என்ற ஒரு சொல்லை எத்தனை விதமாக வாக்கியத்தில் போடலாம்?

உங்கள் கேள்வி இது: பள்ளியில் ‘ரன்’ என்றால் ஓடு என்று படித்தீர்கள். வேலைக்கு வந்த பிறகு பார்த்தால் கடை நடத்துவதற்கும் ரன், மூக்கு ஒழுகுவதற்கும் ரன், சர்க்கரை தீர்ந்தாலும் ரன் என்கிறார்கள். எல்லா அர்த்தங்களையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா, வாக்கியத்தில் பிழையில்லாமல் எப்படிப் போடுவது?

மனப்பாடம் வேண்டாம். அது யாராலும் ஆகிற காரியமும் இல்லை. 1989இல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்ஃபர்டு ஆங்கிலப் பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக அதிகப் பொருள்கள் கொண்ட சொல் ‘செட்’. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 430 பொருள்கள். அந்த அகராதியைப் பிறகு திருத்திக்கொண்டு வந்தபோது ‘ரன்’ அதை முந்திவிட்டது. வினையாக மட்டுமே 645. அகராதிக் குழுவைச் சேர்ந்த பீட்டர் கில்லிவர் இந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் உட்கார்ந்திருந்தார். ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் அந்த 645 தெரியாது, தேவைப்படுவதும் இல்லை. அன்றாடப் பேச்சுக்கு அதில் ஒரு சிறு பங்கு போதும். அதிலும் கணிசமான பகுதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், தமிழ் வழியாக.

நான் பல வருடங்களாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தச் சொல்லுக்கு வரும்போது மாணவர்களிடம் முதலில் தமிழ் வாக்கியங்களைத்தான் எழுதச் சொல்வேன். பஸ் ஓடுகிறது. மோட்டார் ஓடுகிறது. ஃபேன் ஓடுகிறது. கால்வாயில் தண்ணீர் ஓடுகிறது. படம் நூறு நாள் ஓடியது. இவற்றில் எதற்கும் கால் கிடையாது. ஆனாலும் ‘ஓடு’ என்கிறோம், யாருக்கும் குழப்பம் வருவதில்லை. நிற்காமல், தொடர்ந்து, தன் போக்கில் போய்க்கொண்டிருப்பது என்ற ஒரு இழை எல்லாவற்றுக்கும் உள்ளே இருக்கிறது. ஆங்கிலச் சொல்லிலும் அதே இழைதான். அதனால் இவற்றையெல்லாம் துணிந்து அப்படியே சொல்லலாம்: ‘தி பஸ் ரன்ஸ் எவ்ரி டென் மினிட்ஸ்’, ‘தி மோட்டார் இஸ் ரன்னிங்’, ‘தி ஃபிலிம் ரேன் ஃபார் அ ஹண்ட்ரட் டேஸ்’.

(எல்லாச் சொற்களும் இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தமிழில் ஆறு என்றால் நதியும் உண்டு, எண்ணும் உண்டு. இரண்டுக்கும் இடையே எந்த இழையும் இல்லை. ஒரே ஒலியில் இரண்டு தனிச் சொற்கள். ஆங்கிலத்தில் வௌவாலும் கிரிக்கெட் மட்டையும் ‘பேட்’ ஆனது அந்த மாதிரி. ஆனால் திங்கள் என்றால் நிலவு, மாதம், கிழமை மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தவை. ‘ரன்’ இந்த இரண்டாவது வகை.)

சரி, தமிழ் எங்கே கைவிடும்? முதல் இடம், நிர்வாகம். கடை, பள்ளிக்கூடம், கம்பெனி எதுவானாலும் நாம் ‘நடத்துகிறோம்’. நட என்ற வினையிலிருந்து வந்த சொல் அது. நாம் நடக்க வைப்பதை ஆங்கிலம் ஓட வைக்கிறது: ‘மை மதர் ரன்ஸ் அ மெஸ் இன் கும்பகோணம்’. இந்த ஒரு வாக்கிய அமைப்பை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நேர்முகத் தேர்வில் அப்பாவின் தொழிலைக் கேட்டால் நம் பிள்ளைகள் ‘மை ஃபாதர் இஸ் ஹேவிங் அ ஷாப்’ என்று தட்டுத்தடுமாறிச் சொல்வதைப் பார்க்க எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். ‘மை ஃபாதர் ரன்ஸ் அ ஷாப்’ என்றால் போதும், கம்பீரமாகவும் இருக்கும். அந்த வினைக்குள்ளேயே பொறுப்பும் உழைப்பும் வந்துவிடுகின்றன. சொந்தமாக வைத்திருப்பதற்கு ‘ஓன்’ தனியாக இருக்கிறது. ‘ஹி ஓன்ஸ் த்ரீ ஹோட்டல்ஸ், பட் ஹிஸ் டாட்டர் ரன்ஸ் தெம்’ என்றால் ஹோட்டல் மூன்றும் அவர் பெயரில், காலையில் பால் வந்ததா என்று பார்ப்பது மகள்.

ஒரு நுணுக்கம். ‘கடை நன்றாக ஓடுகிறது’ என்று நாம் சொன்னால் வியாபாரம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ஆங்கிலத்தில் ‘ரன்னிங் வெல்’ என்றால் வேலைகள் ஒழுங்காக நடக்கின்றன என்றுதான் முதலில் தோன்றும். வியாபாரத்தைச் சொல்ல ‘தி ஷாப் இஸ் டூயிங் வெல்’ என்பதே பொருத்தம்.

‘ரன்’னுக்குப் பின்னால் நேராக ஒரு பொருள் வந்தால் பெரும்பாலும் இந்தச் செயல்படுத்தும் அர்த்தம்தான். ‘தி லேப் ரேன் அ டெஸ்ட்’ என்றால் பரிசோதனை செய்தார்கள். ‘ரன் தி புரோகிராம் அகெய்ன்’ என்றால் கணினி நிரலை மறுபடி இயக்கு. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு வைக்கலாம்.

இரண்டாவது இடம், தேர்தல். அமெரிக்காவில் வேட்பாளர் ஓடுவார்: ‘ஷி இஸ் ரன்னிங் ஃபார் மேயர்’. பிரிட்டனில் நிற்பார், அங்கே ‘ஸ்டாண்ட்’ என்பதே வழக்கம். நாமும் தேர்தலில் நிற்கத்தான் செய்கிறோம். இந்திய ஆங்கிலப் பத்திரிகைகளில் ‘கான்டெஸ்ட்’ அதிகம் கண்ணில் படும். எதைச் சொன்னாலும் சரிதான். ஆனால் இந்த ‘ரன் ஃபார்’ என்ற ஜோடியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ‘ரன் ஃபார் மேயர்’ என்றால் பதவிக்குப் போட்டி. ‘ரன் ஃபார் தி பஸ்’ என்றால் பஸ்ஸைப் பிடிக்க ஓட்டம். ‘தி ஷோ ரேன் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்றால் ஐந்து வருடம் நீடித்தது. முன்னால் இருக்கும் இரண்டு சொல்லும் மாறவே இல்லை. பின்னால் பதவி வந்ததா, போய்ப் பிடிக்க வேண்டிய ஒன்று வந்ததா, கால அளவு வந்ததா என்பதுதான் அர்த்தத்தைத் தீர்மானிக்கிறது. நீங்கள் கேட்டதற்கு என் முழுப் பதிலும் ஒரு வகையில் இதுதான். ‘ரன்’னை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் கிடைக்காது. அதற்கு முன்னால் யார் நிற்கிறார்கள், பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள்.

மூன்றாவது, திரவங்கள். தமிழில் மூக்கு ஒழுகும், குழாயில் தண்ணீர் கொட்டும், துணியில் சாயம் போகும். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ஒரே சொல். ‘மை நோஸ் இஸ் ரன்னிங்.’ ‘தி டேப் இஸ் ரன்னிங்’ என்றால் குழாய் திறந்திருக்கிறது, தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மூடிய குழாயில் சொட்டுச் சொட்டாக வந்தால் அது ‘டிரிப்பிங்’, அங்கே ‘ரன்’ வராது. புதுச் சுங்குடிச் சேலையை வெள்ளை வேட்டியோடு சேர்த்து ஊறவைத்தால் நடப்பது ‘தி கலர் ரேன்’. காய்ச்சலுக்கும் இது உண்டு: ‘ஷி இஸ் ரன்னிங் அ டெம்பரேச்சர்’. நமக்குக் காய்ச்சல் வரும், அடிக்கும். அதை அப்படியே ‘ஃபீவர் இஸ் கமிங்’ என்று கொண்டுபோனால் கேட்பவருக்குப் புரியாது. ‘ரன்னிங் அ டெம்பரேச்சர்’ வாயில் வரவில்லை என்றால் ‘ஷி ஹாஸ் அ ஃபீவர்’ என்று எளிமையாகச் சொல்லிவிட்டுப் போங்கள்.

அதிகத் தவறு நடக்கும் இடம் ‘ரன் அவுட்’. வீட்டில் சர்க்கரை தீர்ந்துவிட்டது. ஆளை முதலில் வைத்துச் சொன்னால் ‘வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் சுகர்’, ‘ஆஃப்’ கட்டாயம். பொருளை முதலில் வைத்தால் ‘தி சுகர் ஹாஸ் ரன் அவுட்’, ‘ஆஃப்’ கிடையாது. ‘வி ரன் அவுட் சுகர்’ என்று இரண்டையும் கலந்தால் வாக்கியம் உடைந்துவிடும். பாஸ்போர்ட் காலாவதி ஆவதும் இதே ஜாடைதான்: ‘மை பாஸ்போர்ட் ரன்ஸ் அவுட் இன் ஜூன்’.

இங்கேயே கிரிக்கெட்டும் குறுக்கே வரும். ஆட்டக்காரர் ஆட்டமிழந்தார் என்றால் ‘ஹி வாஸ் ரன் அவுட்’. அந்த ‘வாஸ்’ஸை விட்டுவிட்டு ‘ஹி ரேன் அவுட்’ என்றால் அவர் வெளியே ஓடினார் என்று ஆகிவிடும். ‘ஹி ரேன் அவுட் ஆஃப் தி ஹவுஸ்’ என்றால் வீட்டை விட்டு ஓடினார், ‘ஹி ரேன் அவுட் ஆஃப் மணி’ என்றால் கையில் காசு தீர்ந்தது. மறுபடியும் கடைசிச் சொல்தான் வேலை செய்கிறது.

‘ரன் இன்டு’வும் இப்படித்தான். ‘ஐ ரேன் இன்டு மை ஓல்ட் டீச்சர்’ என்றால் பழைய ஆசிரியரை எதிர்பாராமல் பார்த்தேன். ‘தி கார் ரேன் இன்டு அ வால்’ என்றால் கார் சுவரில் மோதியது. ‘தி காஸ்ட் ரன்ஸ் இன்டு லேக்ஸ்’ என்றால் செலவு லட்சக்கணக்கில் போகிறது. ‘ஓவர்’ வரும்போது மட்டும் கவனம் வேண்டும்: கூட்டம் நேரம் தாண்டிப் போனால் ‘தி மீட்டிங் ரேன் ஓவர்’ என்று முடித்துவிடுங்கள். பின்னால் ஒரு ஆளைச் சேர்த்தால் அவர் மீது வண்டி ஏறிவிட்டது என்று ஆகும். கப்பல் தரைதட்டுவது ‘ரன் அகிரவுண்ட்’. 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயை ‘எவர் கிவன்’ அடைத்துக்கொண்டபோது இந்தத் தொடர் செய்திகளில் திரும்பத் திரும்ப வந்தது.

காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அர்த்தம் தெரிந்தவர்களும் இங்கே சறுக்குகிறார்கள். ஆறு, சாலை, பஸ் அட்டவணை போன்ற மாறாத விஷயங்களுக்குச் சாதாரண நிகழ்காலம்: ‘தி ரோடு ரன்ஸ் அலாங் தி கோஸ்ட்’. இந்த நேரத்தில் நடப்பதற்கு ‘ரன்னிங்’: ‘தி பஸ் இஸ் ரன்னிங் லேட் டுடே’. சாலைக்கு ‘ரன்னிங்’ போட்டால் அது இன்று மட்டும் அங்கே போகிறது போலக் கேட்கும். இறந்தகாலம் ‘ரேன்’. ‘ஹேவ்’, ‘ஹாஸ்’ஸுக்குப் பின்னால் மறுபடி ‘ரன்’னே வரும். ‘ரன்ட்’ என்று ஒன்று இல்லவே இல்லை.

பெயர்ச்சொல்லாக வருவது குறைவு, அதனால் அது பயப்படுத்தாது. கிரிக்கெட் ‘ரன்’ ஆடுகளத்தின் இரு முனைகளுக்கு இடையே நிஜமாகவே ஓடியதிலிருந்து வந்தது. இன்றைக்குப் பந்து எல்லைக்கோட்டைத் தொட்டால் யாரும் ஓடாமலே நான்கு கிடைக்கிறது. சொல்லுக்குள் இருந்த ஓட்டம் கரைந்து கணக்கு மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஒத்திகைக்கு ‘டிரையல் ரன்’. வங்கிச் செய்தி படிப்பவராக இருந்தால் இன்னொன்றும் வேண்டும்: 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகள் முன்னால் பணத்தைத் திரும்ப எடுக்க மக்கள் வரிசையில் நின்றார்களே, அதற்குப் பெயர் ‘அ ரன் ஆன் தி பேங்க்’. ‘ஷி ரன்ஸ் தி பேங்க்’ என்றால் வங்கியை அவர் நிர்வகிக்கிறார். நடுவில் இருக்கும் அந்த ‘ஆன்’ எவ்வளவு பெரிய வித்தியாசம் செய்கிறது பாருங்கள்.

அப்புறம், எந்த அகராதி என்று கீழே ஒருவர் கேட்டிருந்தார். தமிழ் அர்த்தம் மட்டும் தரும் சிறு அகராதி இந்தச் சொல்லுக்கு உதவாது. ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே வரும் அகராதியை எடுங்கள். அந்த வகைக்கு வழிகாட்டியவர் ஏ. எஸ். ஹார்ன்பி. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். அர்த்தம் தெரிந்தும் மாணவர்களால் வாக்கியம் அமைக்க முடியவில்லை என்பதற்காக, ஒவ்வொரு வினையும் எந்த அமைப்பில் வரும் என்று காட்டி அகராதி செய்தார். அது 1942இல் ஜப்பானில் வெளிவந்தது, பிறகு 1948இல் ஆக்ஸ்ஃபர்டு பதிப்பாக வந்தது. அதன் வழித்தோன்றல்தான் இன்று நாம் பயன்படுத்தும் ஆக்ஸ்ஃபர்டு கற்போர் அகராதி. அதில் ‘ரன்’னைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே சோர்ந்துவிடாதீர்கள். ‘ரன் அவுட்’, ‘ரன் இன்டு’ போன்ற ஜோடிகள் பதிவின் கடைசியில் தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கும். அங்கே போய், விளக்கத்தை விட்டுவிட்டு எடுத்துக்காட்டு வாக்கியத்தை முதலில் படியுங்கள். பிறகு அதே அமைப்பில் உங்கள் வீட்டையோ அலுவலகத்தையோ வைத்து ஒரு வாக்கியம் எழுதி இங்கே போடுங்கள், நான் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.