வெற்றிலை போட்ட வாயும் என் காதும்

தம்பி, இரண்டு காதிலும் காது கேட்கும் கருவி மாட்டுகிற பிசியோதெரபிஸ்ட் நான், மலேசியாவில் பேராக் மாநிலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை அமையும்போல இருக்கிறது, காது விஷயத்தை நேர்முகத்திலேயே சொல்லலாமா, சேர்ந்த பிறகு சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கும் அதே தொழில், அதே காது. பட்டுக்கோட்டைக்காரி, 2006-இல் சுங்கை சிப்புட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள்.

முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. முடியை இழுத்துவிட்டுக் காதை மூடிக்கொண்டுதான் முதல் வேலையில் சேர்ந்தேன். மூன்றாம் மாதம், தோள்வலி என்று தோட்டத்திலிருந்து ஓர் இந்தோனேசியர் வந்தார். செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனைக் குலை வெட்டுகிறவர். நாள் முழுக்க அண்ணாந்து நின்று, நீளக் கம்பில் கட்டிய அரிவாளை இழுக்கிற வேலை, தோள் என்னத்துக்கு ஆகும்! வந்தவர் "மாத்தா, மாத்தா" என்றார். மலாய் மொழியில் கண். எனக்கு விழுந்தது "பாத்தா", அதாவது எலும்பு முறிவு. உதட்டைப் படிக்கிறவர்களுக்கு 'ப'வும் 'ம'வும் ஒன்றுதான், கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பாருங்கள். கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு எக்ஸ்ரேக்கு அனுப்பிவிட்டேன். உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, அதற்கு மேலே செக்கச்செவேல் என்று நீர் வடிந்த கண் தெரியவில்லை. குலை விழும்போது தூசி அடித்திருக்கிறது. நல்லவேளை, கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. மேலாளர் என் காதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஏன் மறைச்சீங்க?" என்றுதான் கேட்டார். வருஷம் முடிந்ததும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. கோபம் இருந்தது, இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

அடுத்த இடத்தில் கேட்டு வாங்கிக்கொண்டேன். விசிறி இரையாத மூலை அறை வேண்டும், கருவி நோயாளியின் குரலைவிட விசிறியைத்தான் பெரிதாக்கும். போனில் கூப்பிடாமல் வாட்சாப்பில் எழுத வேண்டும். முதல் தடவை வருகிற நோயாளி வலிக்கிற இடத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். 2020-இல் எல்லாரும் முகக்கவசம் போட்டபோது ஒரு சின்ன வெள்ளைப் பலகையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தேன்.

சட்டத்தைப் பெரிதாக நம்பி வராதீர்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான 2008-ஆம் ஆண்டுச் சட்டம் வேலையில் சம உரிமை என்று சொல்கிறது, மீறுகிற முதலாளிக்குத் தண்டனை என்று அதில் ஒன்றும் இல்லை. வேலை அனுமதியில் வருகிற உங்களுக்கு ஓகேயூ கார்டு, அதாவது இங்கே மாற்றுத்திறனாளிகளுக்குக் கொடுக்கிற அட்டை, கிடைக்கும் என்றும் கணக்குப் போட வேண்டாம். பிசியோதெரபிஸ்ட்டுகளை 2016-ஆம் ஆண்டு வந்த தனிச் சட்டத்தின்கீழ்ப் பதிகிறார்கள். அந்தப் பதிவை யார் செய்து தருவார்கள் என்று விமானம் ஏறுமுன் எழுத்தில் வாங்குங்கள்.

தமிழ் ஊர்தானே என்று அசந்துவிடாதீர்கள். 2019-இல் வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் சொக்சோவில், அதாவது வேலையில் அடிபட்டால் உதவுகிற காப்பீட்டில், சேர்த்துவிட்டார்கள். வேலையில் அடிபட்ட வங்காளதேசக்காரரும் நேபாளியும் நம்மிடம் வருவார்கள், அவர்களோடு உடைந்த மலாய்தான். அதைவிடக் கஷ்டம் நம் பாட்டிமார். பால்மரம், அதாவது ரப்பர் மரம் சீவியே இடுப்பு போனவர்கள், வாய் நிறைய வெற்றிலை. கன்னம் ஒரு பக்கம் உப்பியிருக்கும், உதடு பாதிதான் திறக்கும், ஒரு சொல்லும் பிடிபடாது. எனக்கு ஒரு பாட்டி இருக்கிறார். வாசலில் என்னைக் கண்டதும் சாக்கடைப் பக்கம் போய்த் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்து, "ஆ" என்று திறந்து காட்டிவிட்டுத்தான் உட்காருவார்.

ஒன்று விட்டுப்போயிற்று. இங்கே தினம் சாயங்காலம் மழை என்றே வைத்துக்கொள்ளுங்கள், வியர்வை வேறு. கருவியை இரவில் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். பேட்டரிக்கு நான் ஈப்போவுக்குத்தான் போகிறேன், அதனால் இரண்டு மாதத்துக்கு ஊரிலிருந்தே வாங்கி வாருங்கள். பேட்டரி மேலே இருக்கிற ஸ்டிக்கரை முன்கூட்டியே உரித்து வைக்காதீர்கள், காற்றுப் பட்டால் சும்மா இருந்தே தீர்ந்துவிடும்.